கோட்டைச் சிறையும் கையெழுத்தில்லாத படிவமும்



பள்ளிப் பணிகளின் நெருக்கடியால் சில வாரங்களாக எதையும் எழுத இயலவில்லை. எழுதாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மனத்தை உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை எழுதுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் இருந்தேன். என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் அது பயன்படக்கூடும் என்று தோன்றியதால் இன்று எழுதுகிறேன். மாணவன் யார் என்று அறிய முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சென்ற சனிக்கிழமை மாலை குடும்பத்தோடு ஜார்ஜ்டவுன் சென்றிருந்தேன். வெறும் பொழுதுபோக்கிற்காகப் போகவில்லை. அடுத்த மாதம் எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னுடையது. கார்ன்வாலிஸ் கோட்டை அதில் முதலிடம். எங்கே நிற்பது, எதைக் காட்டுவது, எத்தனை மணி நேரம் ஆகும், என்ன வினாக்களைக் கொடுப்பது என்பதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துவர எண்ணினேன். "நீங்கள் மட்டும் போவதென்ன, நாங்களும் வருகிறோம்" என்றார் துணைவியார். மூன்றாம் படிவம் படிக்கும் மகள், ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகன், எழுபத்தைந்து அகவையைக் கடந்த என் தாயார் என ஐவராகப் புறப்பட்டோம்.

புக்கிட் மெர்தாஜாம் நிலையத்தில் தொடர்வண்டி ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, அங்கிருந்து ஃபெரி. மகிழுந்துகளைச் சுமந்து சென்ற பழைய பெரிய படகுகள் இப்போது இல்லை. 2023ஆம் ஆண்டு வந்த புதிய படகுகளில் குளிரூட்டி இருக்கிறது. காற்றுதான் இல்லை என்று அம்மா குறைபட்டுக்கொண்டார். இருந்தாலும் கடலைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அக்கரையில் இறங்கி, விக்டோரியா அரசியின் ஆட்சி அறுபதாண்டு நிறைவை நினைவுகூரும் மணிக்கூண்டைக் கடந்தால் கோட்டைச் சுவர் தெரிகிறது. வெயில் தாழத் தொடங்கிய நேரம். அம்மாவுக்கு முட்டி வலி. மகள் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார்.

கோட்டையைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். 1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்டபோது, நிபோங் பனை மரங்களை நட்டு வேலியாக எழுப்பியதே முதல் கோட்டை. காட்டை வெட்ட ஆள்கள் தயங்கியதால், பீரங்கியில் வெள்ளி நாணயங்களை இட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்றொரு கதை வழங்குகிறது. என் மகனுக்கு மிகவும் பிடித்த கதை அது. இன்று நாம் காணும் செங்கல் மதில் அதற்குப் பிறகு, 1804க்கும் 1810க்கும் இடையில் கட்டப்பட்டது. விண்மீன் வடிவில், ஏறத்தாழ 10 அடி உயரத்தில் நிற்கும் இக்கோட்டை ஒரு போரைக்கூடக் கண்டதில்லை. சுற்றிலும் இருந்த அகழி, கொசுவும் மலேரியாவும் பெருகியதால் 1920களில் தூர்க்கப்பட்டது.

உள்ளே மதிலோடு ஒட்டிய சிறு சிறு அறைகள் இருக்கின்றன. அவற்றைச் சிறை அறைகள் என்று காட்டுகிறார்கள். தாழ்ந்த வளைவு, தடித்த சுவர், உள்ளே ஈர வாடை. சுற்றுலாப் பயணிகள் ஒவ்வொருவராக நுழைந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மகனும் ஓடிப்போய் ஓர் அறைக்குள் நின்றுகொண்டான். இரு கைகளையும் விலங்கு பூட்டியதுபோல் சேர்த்துப் பிடித்து, முகத்தைக் கோணலாக்கி, "ஐயோ, என்னை விட்டுவிடுங்கள்!" என்று அழுவதுபோல் நடித்தான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். கைப்பேசியில் படம் எடுத்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. மாணவர்கள் வந்தாலும் இப்படித்தான் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு வந்த உடனே என் சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு வகுப்பில் நடந்ததை இப்போது சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒரு மாணவன். தொடர்ந்து மூன்று நாள்கள் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தான். அன்று பக்கத்தில் இருந்தவனை அடிக்கோலால் அடித்தும்விட்டான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இப்படியே போனால் நீ ஒருநாள் கம்பி எண்ணத்தான் போகிறாய்" என்றேன். நாம் எல்லாரும் சொல்வதுதான். எனக்கும் என் ஆசிரியர்கள் சொன்னதுதான். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஐயா, அவங்க அப்பா அங்கதான் இருக்காரு!"

மீண்டும் சிரிப்பு. அந்த மாணவன் அழவில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. தலையை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டான். மணி அடிக்கும்வரை நிமிரவே இல்லை. நானோ சிரித்தவர்களை அதட்டிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பாடத்தைத் தொடர்ந்தேன். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான். சுற்றுலாவுக்கான பெற்றோர் அனுமதிப் படிவத்தை எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். அவன் மட்டும் கொடுக்கவில்லை. கேட்டதற்கு, "நான் வரல ஐயா" என்றான். ஏன் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அவன் தந்தையைப் பற்றி எனக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்த ஒன்று வகுப்பாசிரியருக்குத் தெரியவில்லை என்பதைக் காரணமாகச் சொல்லிக்கொள்ள முடியுமா? இப்போது அந்தச் சிற்றறையின் வாயிலில் நின்றபோது எனக்கு ஒரு காட்சி தோன்றியது. நாற்பது மாணவர்கள் இங்கே வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவனும் உள்ளே போய்க் கைதிபோல் நடிக்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். அவன் முறை வருகிறது. பின்னாலிருந்து யாரோ அதே சொல்லைச் சொல்கிறார்கள்.

"அப்பா, படம் எப்படி?" என்று மகன் ஓடிவந்தான். "நன்றாக இருக்கிறது" என்றேன். வேறு என்ன சொல்வது?

மதில்மேல் ஏறிக் கடலைப் பார்த்தபடி சற்று உட்கார்ந்தோம். காற்று நன்றாக வீசியது. ஃபெரியில் இல்லாத காற்று இங்கே கிடைத்ததில் அம்மாவுக்கு மகிழ்ச்சி. மகள் சுவரைத் தடவிக்கொண்டே, "அப்பா, இவ்வளவு பெரிய சுவரை யார் கட்டியது?" என்று கேட்டாள்.

கைதிகள்தான் கட்டினார்கள். 1790களிலிருந்தே கம்பெனியார் இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகளைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். வங்காளம், சென்னை, பம்பாய் என்று மூன்று மாகாணங்களிலிருந்தும் வந்தார்கள். காடு வெட்டுதல், சாலை போடுதல், சதுப்பு நிலத்தை மேடாக்குதல், செங்கல் அறுத்தல் என்று அக்காலப் பினாங்கின் கடின வேலைகளில் பெரும்பகுதி அவர்கள் கைகளால் நடந்தது. பிற்பாடு சிங்கப்பூரிலும் அப்படியே. அங்கே 1856இல் தொடங்கிக் கட்டப்பட்ட புனித அந்திரேயா பேராலயத்தின் வெண்ணிறச் சுவர்களைப் பூசியவர்களும் இந்தியக் கைதிகளே. அங்கே கைதிகளுக்குக் கண்காணிப்பாளராக இருந்த மெக்நாயர், 1899இல் அவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். "கைதிகளே தம் காவலர்" என்பதுபோல் பொருள்படும் தலைப்பு அதற்கு. நன்னடத்தை உள்ள கைதிகளையே மற்றக் கைதிகளுக்கு மேற்பார்வையாளர் ஆக்கினார்கள், தொழில் கற்றுக்கொடுத்தார்கள், தண்டனைக் காலம் முடியுமுன்னரே வெளியில் தங்கிப் பிழைக்கச் சிலருக்கு இசைவும் கொடுத்தார்கள். விடுதலையானபின் இங்கேயே தங்கிக் குடும்பமாய் வாழ்ந்தவர்கள் உண்டு. நம் ஊர்களின் சாலைகளில் நடக்கும்போது அவர்களை நாம் நினைப்பதில்லை. அவர்களும் தங்களைப் பற்றி எதையும் எழுதிவைக்கவில்லை.

"எல்லாரும் கெட்டவர்களா?" என்று மகன் கேட்டான்.

திருடியவர்கள் இருந்தார்கள், கொலை செய்தவர்களும் இருந்தார்கள். அரசை எதிர்த்துப் போரிட்டதற்காக நாடு கடத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியின் கதையை அப்போதுதான் அவர்களுக்குச் சொன்னேன்.

1801ஆம் ஆண்டு சூன் மாதத்தில் சின்ன மருது வெள்ளையருக்கு எதிராகத் திருச்சியில் ஓர் அறிக்கையை ஒட்டச் செய்தார். அதே ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். உறவினர் பலரும் அவர்களோடு மாண்டனர். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமிக்கு அப்போது ஏறத்தாழ 15 அகவை. அவனைக் கொல்லவில்லை, நாடு கடத்தினார்கள். 1802ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், சிவகங்கை அரசராக இருந்த வேங்கன் பெரிய உடையத் தேவர் உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்ட போராளிகளோடு அவனையும் தூத்துக்குடியில் அட்மிரல் நெல்சன் என்ற கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் வந்த ஊர் நம் பினாங்கு.

வெல்சு என்ற ஆங்கிலேய அதிகாரி தம் நினைவுக் குறிப்புகளை 1830இல் நூலாக வெளியிட்டார். இளம் வயதில் சின்ன மருதுவோடு நட்பாகப் பழகியவர் அவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுத் தந்தவர் சின்ன மருதுதான் என்று எழுதியிருக்கிறார். பின்னர் அதே மருதுவுக்கு எதிரான படையிலும் இருந்தார். 1818இல் அவர் பினாங்குக்கு வந்தபோது, தளர்ந்துபோன ஒரு முதியவர் அவர்முன் வந்து நின்றாராம். யாரென்று வெல்சுக்குத் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் அவன் துரைசாமி என்று தெரிந்தது. கணக்குப் பார்த்தால் அப்போது துரைசாமிக்கு முப்பத்திரண்டு அகவைகூட நிரம்பியிருக்காது.

மகள் வாய் திறக்கவில்லை. அவளுக்கும் இப்போது பதினைந்து. மகன்தான், "அப்பா, அந்தத் துரைசாமி நான் நின்ற அறையிலா இருந்தான்?" என்று கேட்டான். அப்படிச் சொல்ல ஆதாரமில்லை, இந்த மதிலே அவன் வந்தபிறகு கட்டப்பட்டதுதான், இத்தீவில் இருந்தான் என்பதே உறுதி என்று விளக்கினேன். வரலாறு கற்பிக்கிறவன் சுவைக்காகக்கூடப் பொய் சேர்க்கக் கூடாது அல்லவா?

இன்னொன்றும் சொன்னேன். இக்கோட்டைக்குப் பெயர் தந்த கார்ன்வாலிஸ் பிரபு, வங்காளத்தின் தலைமை ஆளுநராக இருந்தபோது திப்பு சுல்தானோடு போரிட்டவர். 1792இல் உடன்படிக்கை ஆனபோது, திப்புவின் சிறு பிள்ளைகள் இருவரைப் பிணையாக வாங்கிக்கொண்டவர். தந்தை சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காகப் பிள்ளைகள் அடைமானம். துரைசாமியின் நிலையும் அதுதான். தந்தை செய்ததற்கு மகன் கணக்குத் தீர்த்தான்.

இதைச் சொல்லி முடித்தபோது என் நெஞ்சில் ஏதோ இடறியது. கம்பெனிக்காரர்களைக் குறை சொல்வது எளிது. இரண்டு வாரங்களுக்கு முன்பு என் வகுப்பில் நடந்தது என்ன? தந்தையின் கணக்கை அந்தப் பிள்ளையிடம் தீர்த்தவர்களில் நானும் ஒருவன் அல்லவா?

இருட்டத் தொடங்கியதும் புறப்பட்டு, மார்க்கெட் தெரு வழியாக லிட்டில் இந்தியாவுக்கு நடந்தோம். பாட்டுக் கடைகளின் இரைச்சல், பூக்கடை மணம், சேலைக் கடைகளின் வெளிச்சம். பிள்ளைகளுக்குப் பசி. ஒரு கடையில் அமர்ந்து நானும் அம்மாவும் துணைவியாரும் வாழையிலைச் சோறு சொன்னோம். மகள் தோசை சொன்னாள். மகன் ரொட்டி சானாயும் பொரித்த கோழியும். இலையில் சோறு விழுந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

அம்மா ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "ஏம்ப்பா, அந்தத் துரைசாமிக்கு இங்கே யார் சோறு போட்டிருப்பார்கள்?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. வரலாற்று நூல்களில் நான் தேடியதெல்லாம் ஆண்டும் கப்பலின் பெயரும்தான். அம்மாவுக்கோ அந்தப் பையன் சாப்பிட்டானா என்பதே முதல் கேள்வி.

அதற்குப் பிறகு என்னால் மறைத்துவைக்க முடியவில்லை. வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். துணைவியாருக்கும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. பிள்ளைகள் முன்னிலையில் சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு, அவர்களும் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டேன். துணைவியார் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மகன்தான், "அப்படியானால் நான் எடுத்த படத்தை அழித்துவிடுங்கள் அப்பா" என்றான். "நீ தவறு ஒன்றும் செய்யவில்லை" என்றேன். "இருந்தாலும் அழித்துவிடுங்கள்" என்றான்.

அம்மா நெடுநேரம் பேசாமல் இருந்து, கை கழுவி வந்தபின் சொன்னார்: "அவன் அப்பன் தப்பு செய்தானா இல்லையா என்பதைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளும். அந்தப் பையனுக்கு நீ வாத்தியார். அவனை எல்லார் முன்னாலும் சொன்னாய் அல்லவா? எல்லார் முன்னாலும் போய்ச் சொல்லு."

அம்மா தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்புவரை படித்தவர். ஆசிரியர் பயிற்சியில் மாணவர் உளவியல் பாடம் படித்தவன் நான்.

திங்கட்கிழமை காலை முதல் பாடவேளையிலேயே வகுப்பின் முன் நின்று பேசினேன். எந்த மாணவன் பெயரையும் சொல்லவில்லை. "இரண்டு வாரங்களுக்கு முன்பு கோபத்தில் ஒரு சொல்லைச் சொன்னேன். அது தவறான சொல். ஒருவர் வீட்டுத் துன்பத்தை வைத்து இந்த வகுப்பில் நானும் பேச மாட்டேன், நீங்களும் பேசக் கூடாது. அதைக் கேட்டுச் சிரிக்கும்படி ஆனதற்கு நானே காரணம். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்" என்றேன். வகுப்பில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. பின்வரிசையில் இருந்து அன்று குரல் கொடுத்தவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனும் சிறுவன்தானே, அவனுக்கு வழிகாட்டியவன் நான்.

ஓய்வு நேரத்தில் அந்த மாணவனைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "பரவால்ல ஐயா" என்றான். பன்னிரண்டு அகவைப் பிள்ளை அப்படிச் சொல்வதைக் கேட்பது எளிதாக இல்லை. எத்தனை பேரிடம் அதைச் சொல்லிப் பழகியிருக்கிறானோ! அவன் தந்தையைப் பற்றி எதையும் நான் கேட்கவில்லை. வீட்டுப்பாடம் செய்ய மாலையில் இடமும் நேரமும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். அம்மா இரவு வேலைக்குப் போவதால் தங்கையைத் தான்தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். மூன்று நாள் வீட்டுப்பாடத்துக்கான விடை எனக்கு அப்போதுதான் கிடைத்தது. அடிப்பதற்கு முன் கேட்டிருக்கலாம். ஏசுவதற்கு முன்னும் கேட்டிருக்கலாம்.

சுற்றுலாவுக்காக நான் எழுதிவைத்திருந்த வினாத்தாளை அன்றிரவே மாற்றினேன். "சிறை அறையில் இருக்கும் கைதியைப் போல் நடித்துக் காட்டுக" என்ற நடவடிக்கையை எடுத்துவிட்டேன். அந்த அறைகளைக் காட்டாமல் விடப் போவதில்லை. மறைப்பதும் ஒருவகையில் இழிவுபடுத்துவதுதான். அறைகளுக்கு முன்பாக மாணவர்களை மதிலிடம் அழைத்துச் செல்வேன். "இச்சுவரைக் கட்டியவர்கள் யார்? அவர்கள் பெயர்கள் ஏன் இங்கே எழுதப்படவில்லை?" என்பதே முதல் வினா. துரைசாமியின் கதை இரண்டாவதாக வரும். "அவனுக்கு இங்கே யார் சோறு போட்டிருப்பார்கள்?" என்ற என் தாயாரின் வினாவை இறுதியில் சேர்த்திருக்கிறேன். அதற்கு மதிப்பெண் கிடையாது.

ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "கம்பி எண்ணுவாய்", "களி தின்பாய்" என்பவை நம் நாவில் ஊறிப்போன சொற்கள். நம் பள்ளிகளில், நம் குடியிருப்புகளில், தந்தையோ அண்ணனோ சிறையில் இருக்கும் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அருகில் இருக்கிறார்கள். அவர்கள் நம்மிடம் அதைச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் உங்கள் பிள்ளை, "அவன் அப்பா ஜெயிலில் இருக்கிறார், அவனோடு சேராதே என்று சொல்கிறார்கள்" என்று சொன்னால், சொன்னவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அது பெரியவர் ஒருவரின் வாயிலிருந்து வந்ததாகவே இருக்கும். என் வகுப்பில் அது என் வாயிலிருந்து வந்தது.

அனுமதிப் படிவத்தை ஒப்படைக்க வேண்டிய கடைசி நாள் நேற்று. அவன் படிவம் இன்னும் வரவில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லி இன்னும் ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கிறேன். பேருந்தில் ஓர் இடத்தை அவனுக்காகக் கணக்கில் சேர்த்தே வைத்திருக்கிறேன். நாளை மாலை அவன் தாயார் வேலைக்குக் கிளம்புமுன் வீட்டுக்குப் போய்ப் பார்க்க எண்ணம்.

வந்தால் எழுதுகிறேன்.

அன்புடன்.